கோகோவுக்கு விலை சொல்வது யார்?

1937ஆம் ஆண்டின் அறுவடைக் காலத்தில், கோல்ட் கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட கானாவில், கோகோ உழவர்கள் தங்கள் விளைச்சலை விற்க மறுத்தார்கள். ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, போட்டியே இல்லாமல் விலையை அமுக்க முனைந்தன. அதற்கான பதிலடி அது. மூட்டைகள் ஊர்களிலேயே தங்கின. அந்த நிறுவனங்கள் கொண்டுவந்து விற்ற துணிமணிகளையும் மற்றச் சரக்குகளையும் வாங்குவதைக்கூட மக்கள் நிறுத்தினார்கள். ஊர்த்தலைவர்கள் உழவர் பக்கம் நின்றார்கள். 1938 ஏப்ரல் வரை அந்த மறியல் நீடித்தது. வில்லியம் நோவெல் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை பிரிட்டிஷ் அரசு அனுப்பவேண்டி வந்தது.

சாக்லேட் உறையில் நியாய வணிக முத்திரை ஏறுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்பே நடந்தது இந்தப் போராட்டம். அன்று உழவர்கள் எழுப்பிய கேள்விதான் இன்றும் கோகோவின் மையக் கேள்வி: விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் உழவருக்கு என்ன பங்கு? நியாய வணிகச் சாக்லேட் நல்லதா, ஏமாற்றா என்று விவாதிப்பவர்கள் பெரும்பாலும் உறையில் இருக்கும் முத்திரையைப் பார்த்தே பேசுகிறார்கள். அந்த முத்திரை உழவரின் பேரம் பேசும் வலிமையைக் கூட்டியிருக்கிறதா என்பதே உண்மையான உரைகல். இந்தக் கட்டுரை அந்த உரைகல்லில்தான் வரலாற்றையும் விலைக் கணக்கையும் உரசிப் பார்க்கிறது.

தோட்டமும் வருமானமும்

கோகோ நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பமண்டலத்தில் மட்டுமே விளையும் மரம். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் என்றாலும், உலக விளைச்சலில் பாதிக்கும் மேல் இன்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கோட் டிவார் எனப்படும் ஐவரி கோஸ்ட் முதலிடத்திலும், நெடுங்காலமாகக் கானா இரண்டாம் இடத்திலும் இருந்து வருகின்றன. கானாவில் இந்தப் பயிர் பரவியதற்கு டெட்டே குவார்ஷி என்ற கொல்லரை நினைவுகூர்வார்கள். பெர்னாண்டோ போ தீவிலிருந்து 1879இல் அவர் கொண்டுவந்த காய்களின் விதைகள் மாம்போங்கில் முளைத்தன. 1911க்குள் உலகிலேயே அதிகம் கோகோ விளைவிக்கும் நாடாகக் கோல்ட் கோஸ்ட் வளர்ந்துவிட்டது. பெருந்தோட்ட முதலாளிகள் யாரும் இதைச் செய்யவில்லை. ஆப்பிரிக்கச் சிறு உழவர்கள் தாமே காடு திருத்தி, கன்று நட்டு வளர்த்த தொழில் இது.

இன்றும் இது சிறு உழவர்களின் பயிர்தான். உலகெங்கும் சுமார் ஐம்பது லட்சம் குடும்பங்கள் கோகோவை நம்பியிருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு குடும்பத்தின் தோட்டம் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஹெக்டேர். நட்ட மரம் காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். தண்டிலேயே தொங்கும் காய்களை அரிவாளால் அறுத்து, உடைத்து, வெள்ளைச் சதை ஒட்டிய விதைகளை வாழை இலைகளில் குவித்து மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். பிறகு மூங்கில் பாய்களில் பரப்பி, துழாவித் துழாவி, ஏறத்தாழ ஒரு வாரம் வெயிலில் காய வைக்கிறார்கள். சாக்லேட்டின் மணத்துக்கும் சுவைக்கும் அடிப்படை இப்படிப் புளிக்க வைப்பதிலும் காய வைப்பதிலும்தான் உருவாகிறது. உழவர் விற்பது வெறும் விளைபொருள் அன்று. பாதி வேலை முடிந்த சாக்லேட்.

ஆனாலும் கைக்கு வருவது சொற்பம். ஹெக்டேருக்கு 400 முதல் 500 கிலோ வரை கிடைத்தால் அது வழக்கமான விளைச்சல். மூன்று ஹெக்டேர் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 1,350 கிலோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அக்டோபரிலிருந்து சில மாதங்கள் நீளும் முக்கிய அறுவடையிலேயே வருமானத்தின் பெரும்பகுதி வந்துவிடும். ஆண்டின் நடுவில் வரும் சிறு அறுவடை சிறிது கைகொடுக்கும். மற்ற மாதங்களில் கடன்தான். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அறுவடை வரை காத்திருப்பதில்லை.

கோகோ உழவரின் பேரம் பலவீனமாக இருப்பதற்குப் பயிரின் இயல்பும் ஒரு காரணம். விலை சரிந்தால் அடுத்த பருவத்தில் வேறு பயிருக்கு மாற முடியாது, மரம் நிற்கிறது. விலை ஏறினால் உடனே அதிகம் விளைவிக்கவும் முடியாது. புதுக் கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் காய்ந்த விதையை நெடுநாள் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாங்குபவர் காத்திருக்கலாம், விற்பவரால் முடியாது.

விலை பிறக்கும் இடங்கள்

கோகோவின் உலக விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள முன்பேரச் சந்தைகளில் பிறக்கிறது. அரைப்பும் வணிகமும் பாரி கால்போ, கார்கில், ஓலம் முதலிய சில நிறுவனங்களில் குவிந்திருக்கின்றன. கடையில் விற்கும் ஒரு சாக்லேட்டின் விலையில் உழவருக்குச் சேரும் பங்கு சுமார் 6 விழுக்காடு என்று இத்துறையை ஆராயும் அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. 1980களில் இந்தப் பங்கு இதைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது.

உழவருக்கும் சந்தைக்கும் நடுவே அரசும் நிற்கிறது. அந்த இடத்தை அரசு எப்போதும் உழவருக்காகவே பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது. 1947இல் கோல்ட் கோஸ்ட்டில் கோகோ விற்பனை வாரியம் அமைந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் உலக விலை ஏறியபோது வாரியம் உழவருக்குக் குறைவாகக் கொடுத்து மிச்சத்தைச் சேர்த்து வைத்தது. 1954இல் அன்றைய பிரதமர் நிக்ருமாவின் அரசு 60 பவுண்டு சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையை நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கச் சட்டம் இயற்றியது. உலகச் சந்தையில் அதைப்போலப் பல மடங்கு விலை போய்க்கொண்டிருந்தது. கோகோ நிலமான அசாந்தே கொதித்தெழுந்தது. அந்த ஆண்டே குமாசியில் பிறந்த தேசிய விடுதலை இயக்கத்தின் பின்னால் கோகோ உழவர்களின் சினம் இருந்தது.

1990களில் காற்று எதிர்த் திசையில் வீசியது. உலக வங்கியின் அழுத்தத்தில் பல நாடுகள் வாரியங்களைக் கலைத்தன. ஐவரி கோஸ்ட் 1999இல் தன் நிலைப்படுத்தல் நிதியத்தை மூடியது. உழவர் உலகச் சந்தையின் முன் தனியாக நின்றார். 2012க்குப் பின் அந்த நாடு மீண்டும் அரசு நிர்ணயிக்கும் விலைக்குத் திரும்பியது. அதுவும் முழுக் காப்பாக அமையவில்லை. 2016-17இல் உலக விலை சரிந்தபோது, கிலோவுக்கு 1,100 பிராங்காக இருந்த கொள்முதல் விலையை 2017 ஏப்ரலில் 700 பிராங்காகக் குறைத்தார்கள். மேலே சொன்ன மூன்று ஹெக்டேர் குடும்பத்தின் ஓராண்டு விளைச்சலுக்கு இந்த வித்தியாசம் 5,40,000 பிராங்க். உழவர் செய்த பிழை எதுவுமில்லை. அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருந்ததே சரிவுக்கு ஒரு காரணம்.

முத்திரை எப்படி வேலை செய்கிறது

மெக்சிகோவின் ஒஹாகாவில் காபி விளைவித்த பழங்குடி உழவர்களின் கூட்டுறவோடு பணிபுரிந்த பாதிரியார் பிரான்ஸ் வான்டர் ஹாஃப், நெதர்லாந்தின் நிக்கோ ரோசன் இருவரின் முயற்சியில் 1988இல் மாக்ஸ் ஹவலார் முத்திரை நெதர்லாந்தில் அறிமுகமானது. கருணைக் கடைகளில் முடங்கியிருந்த நியாய வணிகப் பொருளைப் பொதுக் கடையின் அலமாரிக்குக் கொண்டுவந்ததுதான் அதன் புதுமை. பிரிட்டனில் நியாய வணிக முத்திரை பெற்ற முதல் பொருளே ஒரு சாக்லேட்தான்: 1994இல் வந்த, பெலிஸ் நாட்டு மாயா உழவர்களின் கோகோவில் செய்த, கிரீன் அண்ட் பிளாக்ஸின் மாயா கோல்ட்.

இந்த முறைக்கு இரண்டு தூண்கள். ஒன்று, குறைந்தபட்ச விலை. சந்தை எவ்வளவு சரிந்தாலும் அதற்குக் கீழே வாங்கக் கூடாது. சந்தை மேலே போனால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, சங்கத்துக்குத் தனியாகச் செலுத்தும் கூடுதல் தொகை. அதை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். 2019 அக்டோபரில் கோகோவுக்கான குறைந்தபட்ச விலை டன்னுக்கு 2,000 டாலரிலிருந்து 2,400 டாலராகவும், கூடுதல் தொகை 200இலிருந்து 240 டாலராகவும் உயர்ந்தன.

நெல் விளைவிக்கும் நம் உழவர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை பழக்கமான பேச்சு. கோகோவின் நியாய வணிக விலைக்கும் அதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இந்தக் குறைந்தபட்ச விலை தோட்டத்து விலை அன்று, துறைமுகத்தில் கப்பலேறும் விலை. வண்டிச் செலவு, வாரியத்தின் பங்கு, வரி எல்லாம் போகத்தான் உழவருக்கு. நாடு முழுவதற்கும் ஒரே கொள்முதல் விலை இருக்கும் கானாவில் நியாய வணிகத்தால் உழவருக்குக் கிடைக்கும் தனிப் பயன் பெரும்பாலும் அந்தக் கூடுதல் தொகைதான்.

குவாபா கோக்கூ: தராசைக் கையில் எடுத்தவர்கள்

நியாய வணிகம் சாதித்ததற்கு வலுவான சான்று கானாவின் குவாபா கோக்கூ கூட்டுறவு. உள்நாட்டுக் கொள்முதலில் தனியாரையும் அரசு அனுமதித்தபோது, உழவர்களே கொள்முதல் நிறுவனம் நடத்தலாம் என்று 1993இல் சிலர் துணிந்தார்கள். கோகோ வாரியத்தில் உழவர் பிரதிநிதியாக இருந்த நானா ஃப்ரிம்போங் அப்ரெப்ரெசே அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். லண்டனைச் சேர்ந்த ட்வின் டிரேடிங் துணை நின்றது.

அவர்கள் முதலில் கைவைத்தது எடையில். கொள்முதல் எழுத்தர் தராசைத் திருத்தி மூட்டைக்குச் சில கிலோ விழுங்குவது உழவர்களின் பழைய வேதனை. குவாபா கோக்கூவில் ஒவ்வொரு கிராமச் சங்கமும் தன் உறுப்பினர்களிலிருந்தே எடை போட்டுக் கணக்கு எழுதுபவரைத் தேர்ந்தெடுத்தது. எடையில் போகாத கிலோ ஒவ்வொன்றும் எந்த முத்திரையும் இல்லாமலே உழவருக்குக் கிடைத்த விலை உயர்வு. பத்தாயிரக்கணக்கான உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். கூடுதல் தொகையில் கிணறும் பள்ளியும் நடமாடும் மருத்துவ வசதியும் வந்தன. தலைமைப் பொறுப்புகளுக்குப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

1998இல் அவர்கள் இன்னொரு படி ஏறினார்கள். பிரிட்டனில் தொடங்கிய டே சாக்லேட் கம்பெனியில், பின்னாளில் டிவைன் சாக்லேட் என்று பெயர் மாறிய நிறுவனத்தில், குவாபா கோக்கூ மூன்றில் ஒரு பங்கு உரிமை பெற்றது. 2006இல் பாடி ஷாப் தன் பங்குகளை அவர்களுக்கே கொடுத்துவிட, உரிமை 45 விழுக்காடாயிற்று. மூட்டையை விற்றுவிட்டுப் போகும் உழவர், விற்பனைக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் கேட்கும் பங்குதாரரானார். 2020இல் ஜெர்மனியின் வைன்ரிஹ் நிறுவனம் பெரும்பங்கை வாங்கியபின் அந்த உரிமை சுருங்கியது. உரிமையைப் பெறுவது ஒரு போராட்டம் என்றால், முதலீடு தேவைப்படும் சந்தையில் அதைத் தக்க வைப்பது இன்னொன்று.

முத்திரையின் எல்லைகள்

இனி மறுபக்கம். சான்றிதழ் பெற்ற சங்கம் தன் முழு விளைச்சலையும் நியாய வணிக விதிப்படி விற்றுவிட முடியாது. அந்த விதிப்படி வாங்க எவ்வளவு பேர் வருகிறார்களோ அவ்வளவுதான். மிச்சம் சாதாரணச் சரக்காகவே போகும். நம் மூன்று ஹெக்டேர் குடும்பத்தின் 1,350 கிலோவும் அப்படி விற்றால்கூடக் கூடுதல் தொகை 324 டாலர். மூன்றில் ஒரு பங்கு மட்டும் விற்றால் 108 டாலர். அதுவும் கைக்கு வராது, சங்கத்துக்கு. வறுமையின் ஆழத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை சிறிது.

அளவுக் கணக்கு முறை என்று ஒன்றும் உண்டு. சங்கத்திடமிருந்து வாங்கிய அளவுக்கு ஈடான சாக்லேட்டில் முத்திரை பதிக்கலாம். ஆலைக்குள் நியாய வணிக விதையும் மற்ற விதையும் கலந்திருக்கலாம். உழவருக்குப் பணம் உண்மையிலேயே போய்ச் சேர்கிறது என்பதால் இது மோசடி அன்று. ஆயினும் கையிலிருக்கும் சாக்லேட் அந்த உழவரின் கோகோதான் என்று வாங்குபவர் நம்பினால் அது சரியல்ல.

முத்திரை நிறுவனங்களின் விருப்பத்தைச் சார்ந்தது என்பது பெரிய பலவீனம். பிரிட்டனில் 2009இல் டெய்ரி மில்க்கில் நியாய வணிக முத்திரையை ஏற்ற கேட்பரி, கை மாறியபின் 2016இல் தன் உரிமையாளரின் சொந்தத் திட்டமான கோகோ லைஃப்புக்கு நகர்ந்தது. 2020இல் பிரிட்டனின் கிட்கேட் நியாய வணிகத்தை விட்டு ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸுக்கு மாறியது. அந்த முத்திரையில் குறைந்தபட்ச விலைக்கு இடமில்லை. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் பச்சைத் தவளையும் நியாய வணிக முத்திரையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உழவருக்கு அவை தரும் உறுதி ஒன்றல்ல. நிறுவனமே வகுத்து, நிறுவனமே மேற்பார்க்கும் திட்டங்களில் உழவர் பயனாளியாக இருக்கலாம். பேரம் பேசும் தரப்பாக இருப்பதில்லை.

குழந்தை உழைப்பின் கதை இதைவிட வேதனையானது. 2001இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஹார்கின், எங்கெல் இருவரின் முயற்சியில் கோகோவில் மிக மோசமான குழந்தை உழைப்பை ஒழிக்கச் சாக்லேட் நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2005 என்ற கெடு தவறியது. அடுத்தடுத்த கெடுக்களும் தவறின. ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் கோகோத் தொழிலில் 2018-19இல் 15.6 லட்சம் குழந்தைகள் உழைத்ததாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோர்க் ஆய்வு 2020இல் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்தது அரிவாள், பூச்சிமருந்து, பெருஞ்சுமை என அபாயமான வேலை. நியாய வணிகச் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. குவாபா கோக்கூவே தன் கிராமச் சங்கங்கள் சிலவற்றில் குழந்தை உழைப்பைக் கண்டு அவற்றை இடைநீக்கம் செய்ய நேர்ந்தது. தடையும் சோதனையும் தேவைதான். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத வீட்டில் மகனும் மகளும்தான் ஆள் என்ற நிலை மாறாமல், சோதனையால் மட்டும் இது தீராது.

இன்னும் சிலர் இந்த முறையின் ஓரத்திலேயே நிற்கிறார்கள். கானாவில் நிலம் இல்லாமல் வாரத்துக்கு உழைப்பவர்கள் பலர். அபுசா முறையில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கும், அபுனு முறையில் பாதியும் அவர்களுக்கு. மரத்தின் உடைமையாளர் பெயரிலேயே உறுப்பினர் அட்டை இருந்தால், கூடுதல் தொகையைப் பற்றிய கூட்டத்தில் வாரக்காரருக்குக் குரல் இல்லை. காய் உடைத்து, விதை சுமந்து, காய வைக்கும் பெண்கள் பலருக்கும் இதே நிலை.

விலை ஏறிய ஆண்டுகள் கற்றுத் தந்தவை

2019இல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கைகோத்து, 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் வாழ்வாதாரத் தொகை தரவேண்டும் என்று அறிவித்தன. உலக விளைச்சலில் பெரும்பங்கை வைத்திருக்கும் இரு நாடுகள் சேர்ந்து பேசிய பெரிய பேரம் அது. வாங்கும் நிறுவனங்கள் 400 டாலரை ஏற்றன. ஆனால் தரத்துக்கென்று அந்நாடுகளின் கோகோவுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த வேறொரு தொகை சரிந்து, பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. ஒரு கையால் கொடுத்தது மறு கையால் போனது.

பிறகு எதிர்பாராதது நடந்தது. பருவம் தவறிய மழை, காயழுகல், மரத்தையே கொல்லும் தண்டு வீக்க நச்சுயிரி, கிழடு தட்டிய மரங்கள், கானாவில் தோட்டங்களைத் தோண்டியெடுக்கும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கம் எல்லாம் சேர்ந்து விளைச்சலை வீழ்த்தின. 1977இன் உச்சத்தை 2024 தொடக்கத்தில் தாண்டிய நியூயார்க் விலை, அந்த ஆண்டு டிசம்பரில் டன்னுக்கு 12,000 டாலரையும் கடந்தது. கானா தன் விளைச்சலில் பெரும்பகுதியைப் பழைய குறைந்த விலைக்கு முன்கூட்டியே விற்றிருந்ததால், அந்நாட்டு உழவருக்கு அந்த ஏற்றம் தாமதமாகவும் குறைவாகவும்தான் வந்தது. மூட்டைகள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டன. ஐவரி கோஸ்ட்டில் கொள்முதல் விலை 2023இல் 1,000 பிராங்காக இருந்து, படிப்படியாக 2025 அக்டோபரில் 2,800 பிராங்காக உயர்ந்தது. அதற்குள் உலக விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டுகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. நெடுநாள் மலிவு விலை யாருக்கும் லாபமில்லை. புதுக் கன்று நடவும் நோயுற்ற மரத்தை வெட்டவும் உழவரிடம் காசில்லாமல் செய்துதான் இந்தத் தட்டுப்பாட்டை உலகம் தானே வரவழைத்துக்கொண்டது. இரண்டாவது, விலை ஏறினாலும் அது உழவரிடம் தானாகப் போய்ச் சேராது. ஏற்றத்தில் பங்கு கேட்கும் அமைப்பும் கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தால்தான் சேரும்.

நமக்கு அருகில் ஒரு பாடம்

கோகோ தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் குற்றாலத்தில் நட்டுப் பார்த்த பயிர் அது. வணிகமாக வளர்ந்தது 1960களில் கேட்பரியின் முயற்சியில், கேரளத்தில். விலை நன்றாக இருந்த 1970களில் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே கோகோ பரவியது. 1980களின் தொடக்கத்தில் விலை வீழ்ந்து, வாங்க ஆளில்லாமல் போக, பலர் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அப்போது களமிறங்கியது பாக்கு உழவர்கள் 1973இல் மங்களூரில் தொடங்கியிருந்த கேம்ப்கோ கூட்டுறவு. கோகோவைக் கொள்முதல் செய்தது. 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. எந்த நியாய வணிக முத்திரையும் இல்லாமல், உழவர்களின் கூட்டுறவு சாக்லேட் தயாரிப்பாளராக மாறியது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வைத்திருப்பவர்கள், ஒரே ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பாமல் இருப்பதற்கான பாடம் அங்கே இருக்கிறது.

செய்ய வேண்டியது

நியாய வணிகத்தைக் குறை சொல்லி ஒதுக்கிவிடுவது தவறு. 2017 போன்ற சரிவில் அடியில் ஒரு தரை வைத்தது அதுதான். சங்கமாகச் சேர்ந்தால்தான் சான்றிதழ் என்ற அதன் விதி, ஆயிரக்கணக்கான ஊர்களில் உழவர் சங்கங்களை உருவாக்கியது. குறைந்தபட்ச விலைக்கு மேல், ஒரு குடும்பம் கண்ணியமாக வாழத் தேவையான வருமானத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ற விலையை அது இப்போது அறிவிக்கவும் செய்கிறது. அந்த விலையைக் கொடுக்க முன்வரும் நிறுவனங்கள் சில இருக்கின்றன; கொடுத்தாலும் தொழில் நடத்தலாம் என்று அவை காட்டியிருக்கின்றன.

ஆனால் அதையே முழுத் தீர்வு என்று நம்புவதும் தவறு. விருப்பப்பட்டால் தரும் நியாயம், விருப்பம் மாறும்போது போய்விடும். நிறுவனங்கள் நெடுங்கால ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும். வாழத் தேவையான விலையை விலைப்பட்டியலின் அடிப்படையாகவே கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றி, பின்னர் தள்ளிவைத்துவரும் காடழிப்புத் தடைச் சட்டம், ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடத்தையும் காட்டச் சொல்கிறது. மரம் எங்கே நின்றது என்று கேட்கும் சட்டம், அதை வளர்த்தவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்றும் கேட்கட்டும். கானா, ஐவரி கோஸ்ட் அரசுகள் தங்கள் வாரியங்களின் கணக்கை உழவர் முன் திறந்து வைக்க வேண்டும். சங்கங்கள் பெண்களையும் வாரக்காரர்களையும் முழு உறுப்பினர்களாக ஏற்க வேண்டும்.

வாங்கும் நாமும் உறையின் முத்திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இந்தச் சாக்லேட்டின் உழவருக்குக் குறைந்தபட்ச விலை உண்டா, அவருடைய சங்கத்துக்கு இந்த நிறுவனத்தில் பங்கோ பேச்சுரிமையோ உண்டா என்று கேட்போம். கோகோ உழவர் கேட்பது இரக்கம் அன்று. தன் எடையைத் தானே பார்க்கவும், தன் விலையைப் பேசும் இடத்தில் தானும் அமரவும் உரிமை கேட்கிறார். அந்த இடம் அவருக்குக் கிடைக்கும் அளவுக்கே சாக்லேட்டில் நியாயம் இருக்கும்.